அடிபம்பின் முதல் டம்ளர்

தி. நகரில் தண்ணீர் லாரிக்காகக் குடத்துடன் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருவர், அவருக்கு முன்னால் பூக்கார அம்மா. அந்த அம்மா திரும்பிப் பார்த்து அவரிடம் கேட்டார்.

"இன்னா நைனா, இன்னிக்கும் குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா. ஒரு டம்ளர்."

"எப்டி கீது?"

"இன்னும் ஆயில் வாடை அடிக்குது."

தெருவின் அடிபம்பு அவருடைய ஷெட்டை ஒட்டி இருக்கிறது. பழைய ஆயிலை எல்லாம் அவர் பின்பக்கத்துப் பள்ளத்தில் ஊற்றி வந்ததில் பம்புத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது.

"பள்ளத்த மூடிட்டா மட்டும் சரியாப் பூடுமா?"

"சும்மா மூடலக்கா. ஆயில் ஊறுன மண்ண மொத்தமா தோண்டி எடுத்துட்டுதான் மூடுனேன். இப்ப வண்டில எறக்குற ஆயில் நேரா டிரம்முக்குப் போவுது. ஒரு சொட்டு கீழ உழுந்தாலும் மரத்தூள் போட்டு வாரிடறேன்."

"அதுக்கு அந்தத் தண்ணிய ஏன் குடிக்கிறே? மோந்து பாத்தா போதாதா?"

"ஆறு மாசம் நீங்கல்லாம் குடிச்சீங்க. நாறுதுன்னு வந்து சொன்னீங்க. நான்தான் ஒரு வாடையும் இல்லன்னு சண்டைக்கு வந்தேன். வாடை போற வரிக்கும் டெய்லி குடிப்பேன்."

லாரி வந்து நின்றது. அந்த அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு பம்ப நான் அடிக்கிறேன். எனக்கும் ஒரு வாய் குடு. ஒன் மூக்கு ஆயில்லயே ஊறுன மூக்கு, அத நான் நம்ப மாட்டேன்."