வடக்குச் சுவரில் முப்பத்தெட்டுக் கல்

ஆயிரத்து நூற்று நாற்பது திர்ஹாம். வாசுவுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். கல்லுக்கு முப்பது, முப்பத்தெட்டுக் கல்.

இது நம்ம அன்பரசனோட சித்தப்பா சோலைமுத்துவுக்கு நடந்தது. ஏசியைக் கொஞ்சம் குறைங்க, அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது.

ராத்திரி ஒன்றரை மணி. புஜைராவிலிருந்து மலைக்குள் போகிற ஒற்றை ரோடு. கடைசி லைட் கம்பம் தாண்டி நாலு கிலோமீட்டர். அங்கே... இங்கிலீஷ்காரன் ஊர்ச் சர்ச்சு ஒன்று நிற்கிறது.

சிரிக்காதீங்க. ஓட்டல்காரர்கள் கட்டியது. கல்யாணம் பண்ண, போட்டோ எடுக்க. எண்ணூறு வருஷப் பழசு மாதிரி இருக்கணும் என்று உத்தரவு. கட்டையான சதுரக் கோபுரம். மூணடி கனச் சுவர், வெளியே முட்டுக் கொடுத்த தூண்கள். தலை கூம்பின ஜன்னல்கள். முற்றத்தில் சாய்ந்த கல்லறைக் கல்கூட நட்டார்கள். அடியில் யாரும் இல்லை. உள்ளே ஜெபம் பண்ணவும் யாரும் இல்லை.

இஞ்சினியர் வயசான வெள்ளைக்காரர். லீவில் ஊருக்குப் போனால் வீடு தங்க மாட்டார். கிராமம் கிராமமாகக் காரை விட்டுக்கொண்டு போய்ப் பழைய சர்ச்சுகளைப் பார்ப்பார். போன் முழுக்க அந்தப் படம்தான். சாப்பாட்டு நேரத்தில் காட்டுவார், போர்மேன் ஸ்ரீகாந்த் தமிழில் சொல்வார்.

"வடக்குச் சுவர்ல சின்னதா ஒரு வாசல் இருக்குமாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது திறந்து வைப்பாங்களாம், கெட்டது வெளியே போறதுக்கு. பின்னாடி கல்லு வச்சு அடைச்சிட்டாங்களாம். நமக்கும் அதே மாதிரி அடைச்ச வாசல் வேணுங்கிறார்."

இஞ்சினியர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்துக் கல்கொத்தர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. அவனவன் கொத்தின கல்லில் அவனவன் அடையாளத்தை வெட்டுவான். அதை எண்ணித்தான் கூலி. இங்கேயும் அப்படியே. சம்பளம் போக, அடையாளம் வெட்டின கல்லுக்கு முப்பது திர்ஹாம்.

அங்கே கல்கொத்தனாக இருந்த சோலைமுத்து தன் அடையாளமாகச் சூலம் வெட்டினான். வாசு அவனிடம் தொழில் கற்றவன். அதனால் அதே சூலத்தில் நடுக்கோட்டை மட்டும் விட்டுவிட்டு, கவட்டை மாதிரி வெட்டினான்.

"ஒரு கோடு கம்மிடா. நீ இன்னும் அரைக் கொத்தன்தான்."

"இருக்கட்டும் மாமா. என் கல்லுல நடுக்கோடு போட்டுறாதே. எல்லாம் உன் கல்லாயிரும்."

வடக்கு வாசலை அடைத்த முப்பத்தெட்டுக் கல்லும் வாசு கொத்தியது. கொத்தும்போது ரெண்டு அடி, ஒரு ஊது. டக், டக்... ஃபூ. பல்வலிக்காரன், கன்னத்தில் எப்போதும் கிராம்பு அடக்கியிருப்பான். பக்கத்தில் போனாலே மணக்கும்.

கடைசிக் கல் ஏறிய அன்று டூட்டி முடிந்து வந்து படுத்தான். எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயசு.

உடல் பெட்டியில் ஊருக்குப் போனது. அவன் உளியைத் துணிமூட்டையில் வைத்து அனுப்பினான் சோலைமுத்து. "அவனோட சேத்து எரிச்சிரும்மா" என்று வாசுவின் பெண்சாதி கனகாவிடம் போனில் சொன்னான். எல்லாம் முறையாகத்தான் செய்தான். ஒன்றைத் தவிர.

கல் எண்ணுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம்... முப்பத்தெட்டுக் கவட்டையிலும் நடுவில் ஒரு கோடு வெட்டினான். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் கனகாவுக்கு அனுப்பிக்கலாம் என்று நினைத்தான். ஏழு மாதம் ஓடிவிட்டது.

வேலை முடிந்து எல்லோரையும் வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திறப்பு விழா வரைக்கும் காவலுக்கு ஒரு ஆள் வேண்டும். சோலைமுத்துவை விட்டார்கள். பேச ஒரு நாதி கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு டார்ச், ஒரு பிளாஸ்க் டீ. அவ்வளவுதான்.

முதல் ராத்திரி, ஒன்றரை மணி.

டக், டக்... ஃபூ.

வடக்குப் பக்கம். வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தான். ஆள் இல்லை. மணலில் கால்தடம் இல்லை. காற்றே இல்லை... ஆனால் கிராம்பு வாடை.

உள்ளே வந்து அடைத்த வாசலில் டார்ச் அடித்தான். மேல் வரிசை முதல் கல். நடுக்கோடு இல்லை. தேய்த்த தடமும் இல்லை, வெட்டவே வெட்டாத மாதிரி வழவழவென்று இருந்தது. சூலம் மறுபடி கவட்டை.

மறுநாள் இரண்டாவது கல். அதற்கு மறுநாள் மூன்றாவது. ராத்திரிக்கு ஒரு கல். யாரிடம் சொல்வான்? சொன்னால் என்னத்தைச் சொல்வான்? பகலில் ரூமில் படுத்தால் தூக்கம் வரவில்லை. முப்பத்தெட்டும் முடிந்த பிறகு அந்த வாசல் என்ன ஆகும் என்று அதே நினைப்பு.

பதினோராவது ராத்திரி சத்தம் மிக அருகில். சுவரில் காதை வைத்தான். கல் ஜில்லென்று இருந்தது. டக்... டக்...

ஊது வரவில்லை.

காத்திருந்தான். அப்புறம்... ஃபூ. ஊசி நுழைய இடமில்லாத சுவர். முகமெல்லாம் கல்மாவு. கண்ணில், வாயில். வெதுவெதுப்பான மூச்சு. கிராம்பு.

"வாசு... நாளைக்கே அனுப்பிடுறேன்டா. மாமா தப்புப் பண்ணிட்டேன்டா."

சத்தம் நின்றது.

விடிந்ததும் அன்பரசனிடம் வந்து நின்றான். சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"என்ன சித்தப்பா, தலையெல்லாம் வெள்ளையா இருக்கு? மாவு மில்லுலயா டூட்டி?"

"பணம் குடுடா. அப்புறம் பேசு."

எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று, சுளையாக ஆயிரத்து நூற்று நாற்பதையும் கனகா பெயருக்கு அனுப்பினான். வாசுவோட கல்லுக் காசு என்று போனிலும் சொன்னான்.

அன்று ராத்திரி ஒன்றரை அடித்தது. இரண்டானது. மூன்றானது. சத்தமே இல்லை. அந்த அமைதிதான் இன்னும் பயமாக இருந்தது என்பான். விடியும் நேரத்தில் உள்ளே போனான். முப்பத்தெட்டுக் கல்லிலும் கவட்டை. வாசல் அடைத்தபடியே இருந்தது. கீழே தரையில் என்னமோ கிடந்தது. குனிந்து எடுத்தான்.

அப்போது போன் அடித்தது. கனகா.

"அண்ணே, நேத்தே பணம் வந்திருச்சுண்ணே. அவரு கல்லுக் காசுன்னு சொன்னீங்கல்ல... எண்ணிப் பாத்தேன், சரியா இருக்கு. இனி உங்களுக்கும் அவருக்கும் ஒரு பாக்கியும் இல்லண்ணே."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"ஒண்ணு உங்ககிட்ட சொல்லாமலே விட்டுட்டேன். அந்த உளிய நீங்க சொன்னபடி அவரு கையிலதான் வச்சு அனுப்புனோம். மறுநாள் எலும்பு பொறுக்கையில சாம்பலை எல்லாம் அலசிப் பாத்தாங்களாம். இரும்பாச்சே, எரிஞ்சா போயிரும்? காணோம்ண்ணே."

சோலைமுத்து தன் கையைப் பார்த்தான். நெருப்பில் வெந்து கருத்த உளி. நுனியில் மட்டும் புதுக் கல்மாவு.

இன்னும் சூடு ஆறவில்லை.