படையலில் வைத்த ஸ்காட்ச்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த வருஷம், தாராவி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெரியவர் நின்றார். பக்கத்தில் நின்றவரிடம் அவர் கேட்டதைக் கேட்டு, சிவசிவா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தம்பி, நீ துரை வீட்டு பட்லர்லா? ஸ்காட்ச் விஸ்கிய எப்படிக் குடிச்சா ருசிக்கும்?"

"நீங்களா கேக்கீய, அண்ணாச்சி? கள்ளுக்கடை இருந்தா தெரு மாறிப் போறவருல்லா!"

"மவனுக்கு மொத வருசப் படையல். அவன் கொண்டாந்த பாட்டில அவன் அம்மா தொறந்து வச்சிட்டா. படைச்சதக் கீழ கொட்டப்படாதுல்லா? குடிச்சேன். தொண்ட எரியுது. கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டேன்."

"கருப்பட்டியா! எங்க துரை கேட்டா அழுதிருவாரு. மடக்குனு முழுங்காதீய. பாதிக்குப் பாதி தண்ணி விடுங்க. மோந்து பாத்துட்டு, ஒரு வாய நாக்குலயே வச்சிருங்க. நாலு நாள்ல பழகிரும்."

பெரியவர் ஒவ்வொன்றையும் மந்திரம் போல் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"கஷ்டமா இருந்தா விட்டிருங்க, அண்ணாச்சி. ஒரு சொட்டு நாக்குல பட்டாலே போதும். ருசிச்சுத்தான் குடிக்கணும்னு சாமி கேக்கல."

"சாமி கேக்கல, தம்பி. 'ஒரு வாய் குடிச்சுப் பாருங்கப்பா, நல்லாருக்கும்'னு ஆசையா நீட்டுனான். கன்னத்துல அறைஞ்சிட்டேன். மறுநா கப்பலேறுனவன் சண்டையில கப்பலோட முங்கிட்டான். 'நல்லாருக்குலே'ன்னு அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். பொய்யாச் சொல்லப்படாதுல்லா?"