கொக்குக்கு ரெண்டு அம்மா

மாமா: என் தலை எங்க மச்சான்?

மச்சான்: கழுத்துக்கு மேல மாமா.

மாமா: காலங்கார்த்தால கடுப்பேத்தாத. கொக்குத் தலை. கையில மாட்டிக்குவோமே, அது.

மச்சான்: ஆணியில தொங்குது பாருங்க. தலைக்கு ஒண்ணும் ஆகல. உடம்புக்குத்தான்...

மாமா: உடம்புக்கு என்ன?

மச்சான்: மொதல்ல உக்காருங்க.

மாமா: காட்டுடா... என்னடா இது? நம்ம வெள்ளை அங்கி எங்க?

மச்சான்: இதான் அது.

மாமா: இது ரோஸ் கலர்ல இருக்கு.

மச்சான்: அக்கா தொவைச்சா. அதிகாரி மேடம் வர்ற அன்னிக்கு அழுக்கா இருக்கக் கூடாதேன்னு, பாவம், நல்ல எண்ணத்துலதான். கூடவே ஒரு செவப்புப் போர்வையும் போட்டுட்டா போல...

மாமா: உங்க அக்காவை...

மச்சான்: சொல்லுங்க. எங்க அக்காவை? சாயங்காலம் அப்படியே போய்ச் சொல்லிடறேன்.

மாமா: உங்க அக்காவை மாதிரி பொறுப்பான பொம்பளை கெடைக்குமான்னு சொல்ல வந்தேன்.

மச்சான்: அதானே பாத்தேன்.

மாமா: முட்டையிலேர்ந்து வெளிய வந்த நாள்லேர்ந்து அந்தக் கொக்குக் குஞ்சு அம்மான்னா வெள்ளைன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. மேல வெள்ளை அங்கி, மூஞ்சிக்கு வலை போட்ட முக்காடு, கையில கொக்குத் தலை. நம்ம ரெண்டு பேரும்தான் மாத்தி மாத்தி அம்மா. இருக்கறதே ஒரு அங்கி. இன்னிக்குன்னு பாத்து ரோஸ் கலர்ல போய் நின்னா?

மச்சான்: அம்மா புதுத்துணி எடுத்திருக்கான்னு நெனச்சுக்கட்டும்.

மாமா: வாயை மூடு.

மச்சான்: நம்ம பொழைப்பைப் பாருங்க மாமா. மத்த எடத்துல ரேஞ்சர்னா ஜீப்புல போறான். கழுத்துல பைனாகுலர் மாட்டிக்கிட்டு மிடுக்கா நிக்கறான். நாம அங்கியப் போட்டுக்கிட்டு, சேத்துல குனிஞ்சு, இப்படித்தான் நத்தை பொறுக்கணும்னு கொக்குக்குச் சொல்லிக் குடுக்கறோம். பொண்ணு வீட்ல, மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் குடிக்கத் தண்ணிகூடக் குடுக்கல.

மாமா: ரேஞ்சர்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

மச்சான்: நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா முந்திக்கிட்டா. 'கொக்குக்கு அம்மாவா இருக்கான்'னு.

மாமா: சிரிப்பு வருது. ஆனா சிரிக்கிற நேரமில்ல இது. இன்னிக்கு மேடம் வேஷம் கீஷம் எதுவும் இல்லாம, வெறும் மனுஷியா அது கிட்டப் போய் நிக்கப் போறாங்க. பயந்து ஓடினா ஏரியில இருக்கற கூட்டத்தோட சேத்து விட்டுடலாம். ஓடாம கிட்ட வந்துச்சு...

மச்சான்: கூண்டு.

மாமா: ஆயுசுக்கும் மிருகக்காட்சிசாலை. மனுஷனை நம்புற கொக்கை வெளிய விட முடியுமா? எவனாவது பாசமாக் கூப்பிடுவான். இதுவும் போய் நிக்கும். நேரா சட்டிக்குத்தான்.

மச்சான்: அப்படிச் சொல்லாதீங்க மாமா.

மாமா: அதுக்குத்தானே இத்தனை சட்டம். அது முன்னாடி பேசக் கூடாது. இருமக் கூடாது. முக்காட்டை எடுக்கவே கூடாது.

மச்சான்: தும்மல்?

மாமா: அடக்கணும். நான் அடக்கியிருக்கேன். காது ரெண்டும் அடைச்சுக்கிட்டுச்சு.

மச்சான்: மாமா... ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது.

மாமா: கோவப்படுவேன். சொல்லு.

மச்சான்: அந்த முக்காட்டுக்குள்ள வெந்து போகுது மாமா. மத்தியானம் அதை வெளிய மேய விடுவேன்ல. அப்ப கொஞ்ச நேரம்...

மாமா: எடுத்தியா?

மச்சான்: காத்து வாங்கலாமேன்னு.

மாமா: எடுத்தியா இல்லையா?

மச்சான்: எடுத்துட்டு அப்படியே கோரைப்புல்லுல சாஞ்சேன். கண்ணு அசந்துடுச்சு. முழிச்சுப் பாக்கறேன்... மடியில உக்காந்திருக்கு.

மாமா: எது?

மச்சான்: அதான். என் மடியில உக்காந்து, சட்டைப் பொத்தானை மெதுவா இழுத்துப் பாத்துக்கிட்டிருக்கு. எனக்கு மனசு அப்படியே கரைஞ்சு போச்சு மாமா.

மாமா: கரையும், கரையும். எத்தனை தடவை?

மச்சான்: ஒரு தடவை.

மாமா: மச்சான்...

மச்சான்: தெனமும்.

மாமா: அடப்பாவி. குடியக் கெடுத்தியே.

மச்சான்: ஆனா ஒரு வார்த்தை பேசல மாமா. சத்தியமா. வாயே திறக்கல. தூங்கினேன், அவ்வளவுதான்.

மாமா: வேலை நேரத்துல தூங்கினதை என்னமோ தவம் இருந்த மாதிரி சொல்றான் பாரு.

மச்சான்: ஒரு வழி இருக்கு மாமா. மேடம் அது கிட்டப் போற நேரத்துல, நான் பின்னாலேர்ந்து ஒரு கல்லை விட்டெறியறேன். அது பயந்து ஓடும். தன்னைப் பாத்துத்தான் ஓடுதுன்னு மேடம் நெனச்சுக்குவாங்க.

மாமா: கொக்குத் தலையில வெண்ணெய வெச்சுப் பிடிக்கிற ஆளு நீ. இன்னிக்குக் கல்லுக்கு ஓடும். நாளைக்கு எவனோ கூப்பிட்டா போய் மடியில உக்காரும். அப்ப யாரு கல்லெறிவா?

மச்சான்: அதுவும் சரிதான்... நீங்க எடுத்ததே இல்லையா மாமா?

மாமா: எதை?

மச்சான்: முக்காட்டை.

மாமா: என்னையா கேக்கற?

மச்சான்: இந்தக் குடிசைல வேற யாரு இருக்கா?

மாமா: ஜீப் சத்தம் கேக்குது. அங்கிய எடு, எடு.

*

மேடம்: உள்ள வரலாமா?

மச்சான்: வாங்க மேடம், வாங்க. பாத்து, தலை இடிக்கும்.

மேடம்: இது யாரு, ரோஸ் கலர்ல?

மச்சான்: எங்க மாமா மேடம். கொக்குக்கு அம்மா.

மேடம்: அங்கி வெள்ளையாத்தானே இருக்கணும்?

மாமா: விடியற வெளிச்சத்துல கொக்கு இப்படித்தான் மேடம் தெரியும். லேசா ஒரு சிவப்பு ஓடும்.

மேடம்: விடிஞ்சு நேரமாச்சே.

மாமா: கொக்குக்கு இன்னும் விடியல மேடம். நான் போய்க் கூட்டிட்டு வந்து விட்டுடறேன்.

மேடம்: அது இதுவரைக்கும் மனுஷ மூஞ்சியப் பாத்திருக்கா?

மச்சான்: என்னையா மேடம் கேக்கறீங்க?

மேடம்: உங்க மாமா போயிட்டாரே.

மச்சான்: அதுக்கு... கண்ணு கொஞ்சம் மந்தம்னு நெனைக்கறேன் மேடம்.

மேடம்: பாருங்க தம்பி, எனக்கும் இது பிடிச்ச வேலை இல்ல. போன எடத்துல அந்தக் குஞ்சு என் பின்னாலயே வந்து, ஜீப்புல ஏறி முன் சீட்டுல உக்காந்துடுச்சு. எறங்க மாட்டேன்னுடுச்சு. அப்படியே மிருகக்காட்சிசாலைக்கு ஓட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கல.

மச்சான்: இன்னிக்கும் அப்படி வந்துட்டா...?

மேடம்: எனக்கு வேற வழியில்ல.

மாமா: விட்டுட்டேன் மேடம். கோரையோரம் நிக்குது. அங்கியப் பாத்ததும் யாரோ விருந்தாளின்னு நெனச்சு ஒதுங்கிச்சு. அப்புறம் கொக்குத் தலையக் காட்டினேன், வந்துடுச்சு.

மேடம்: நீங்க ரெண்டு பேரும் உள்ளயே இருங்க. சத்தம் வரக் கூடாது.

*

மச்சான்: மாமா, போறாங்க.

மாமா: மெதுவாப் பேசு. எனக்கு ஓட்டை வழியாப் பாக்கத் தைரியமில்ல. நீயே பாத்துச் சொல்லு.

மச்சான்: பாத்துடுச்சு.

மாமா: ஓடுதா?

மச்சான்: தலையச் சாச்சுப் பாக்குது.

மாமா: ஓடச் சொல்லுடா.

மச்சான்: நான் எப்படிச் சொல்றது?

மாமா: மடியில வெச்சுக் கொஞ்சினேல்ல. அப்பவே சொல்லியிருக்கணும்.

மச்சான்: ஐயோ மாமா... நடக்குது. மேடத்தைப் பாத்து நடக்குது.

மாமா: நெஜமாவா?

மச்சான்: மேடம் சட்டையில பெரிய பெரிய பொத்தானா வேற இருக்கு.

மாமா: போச்சு.

மச்சான்: கிட்டப் போயிடுச்சு. கழுத்தை நீட்டுது... மாமா, என் தப்பு. என் சோம்பேறித்தனத்தால அது காலம் பூரா கம்பிக்குள்ள கெடக்கப் போகுது. எனக்கு அழுகையா வருது.

மாமா: அழாத. அழுதாலும் அங்கியில மூக்கைத் தொடைக்காத.

மச்சான்: ஏற்கெனவே ரோஸ்தானே.

மாமா: அதுக்காக?

மச்சான்: இருங்க... மேடம் வாயைத் திறக்கறாங்க. என்னமோ சொல்றாங்க... மாமா.

மாமா: என்ன?

மச்சான்: ஓடுது மாமா.

மாமா: யாரு, மேடமா?

மச்சான்: கொக்கு மாமா, கொக்கு. தெறிச்சு ஓடுது. தடுக்கி விழுந்துச்சு... எழுந்துடுச்சு... றெக்கையை விரிக்குது...

மாமா: தள்ளு, தள்ளு. நானும் பாக்கறேன். அட... பறக்குதுடா.

மச்சான்: ஏரிப்பக்கம் போகுது. நேராக் கூட்டத்துக்கே போகுது மாமா.

மாமா: சேத்துக்குவாங்களா?

மச்சான்: ஒரு பெரிய கொக்கு கொத்த வருது... இல்ல, விட்டுடுச்சு. நடுவுல போய் நின்னுக்கிச்சு. இப்ப அதுல எது நம்மளதுன்னே தெரியல.

மாமா: நல்லாப் பாருடா.

மச்சான்: கண்ணெல்லாம் கலங்கிக் கெடக்கு. எப்படிப் பாக்கறது?

மாமா: எனக்கும்தான்.

*

மேடம்: நான் என்ன அவ்வளவு பயங்கரமாவா இருக்கேன்?

மாமா: ஐயையோ, இல்ல மேடம்.

மச்சான்: லட்சணமா இருக்கீங்க மேடம்.

மேடம்: கிட்ட வந்து நின்னப்ப, சரி, இதுவும் கூண்டுதான்னு மனசு விட்டுப் போச்சு. சட்டப்படி கூப்பிட்டுப் பாக்கணுமே. 'வா கண்ணு'ன்னேன். அவ்வளவுதான். பேயப் பாத்த மாதிரி ஓடுச்சு. இத்தனை வருஷத்துல, மனுஷ வாய் திறந்ததும் இப்படி மெரண்ட பறவைய நான் பாத்ததே இல்ல.

மச்சான்: அப்ப பாஸா மேடம்?

மேடம்: பாஸ் என்ன பாஸ். அதுவே போய்க் கூட்டத்துல சேந்துடுச்சு. இனி யாரு பிடிக்கப் போறா? எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. ஆமா, நீங்க அப்படி என்னதான் பண்ணீங்க?

மாமா: ஒழுக்கம் மேடம்.

மேடம்: ஒழுக்கம் எல்லா எடத்துலயும்தான் இருக்கு.

மாமா: இங்க ஒரு கரண்டி அதிகம்.

மேடம்: அடுத்த மாசம் எல்லா ரேஞ்சருக்கும் பயிற்சி இருக்கு. நீங்க வந்து மேடையில செஞ்சு காட்டணும்.

மாமா: செஞ்சு... காட்டணுமா?

மேடம்: நீங்க கொக்கு கிட்ட எப்படி நடந்துக்கிட்டீங்களோ அப்படியே. ஒண்ணும் விடாம.

மாமா: எல்லார் முன்னாடியுமா மேடம்?

மேடம்: கூச்சப்படாதீங்க. நான் கெளம்பறேன். அந்த அங்கி எப்படி ரோஸ் ஆச்சுன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க.

*

மச்சான்: மாமா.

மாமா: ம்.

மச்சான்: என் மூஞ்சியப் பாத்து அது பயப்படல.

மாமா: அந்த மூஞ்சியப் பாத்தே பயப்படலன்னா, தைரியசாலிதான்.

மச்சான்: பேச்சை மாத்தாதீங்க. மூஞ்சிக்குப் பயமில்ல. வாயைத் திறந்தாத்தான் பயம். நான் வாயே திறக்கல. அப்ப அது முன்னாடி வாயைத் திறந்தது யாரு?

மாமா: ஏரிக்காத்து நல்லா வருதுல்ல.

மச்சான்: மாமா...

மாமா: இந்தக் கொக்குத் தலைய ஆணியில மாட்டணும்.

மச்சான்: அக்கா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

மாமா: உங்க அக்கா மேல சத்தியமா உங்க அக்கா கிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு.

மச்சான்: சரி, சொல்ல மாட்டேன்.

மாமா: காலைல... நீ வர்றதுக்கு முன்னாடி... முக்காட்டை எடுத்துட்டு... கொஞ்சம் பாடுவேன்.

மச்சான்: பாடுவீங்களா?

மாமா: லேசாத்தான். மனசு பாரமா இருந்தா கொஞ்சம் பலமா. தாயில்லாப் புள்ளை மச்சான். ஒரு தாலாட்டு கூடக் கேக்காமலா வளரணும்? எனக்குத் தாங்கல.

மச்சான்: அப்பல்லாம் அது என்ன பண்ணும்?

மாமா: மூலையில போய் நிக்கும். தலையை றெக்கைக்குள்ள சொருகிக்கும். சொக்கிப் போய் நிக்குதுன்னு நெனச்சேன்.

மச்சான்: ஓடலையா?

மாமா: பட்டியில அடைச்சிருக்கற நேரம். எங்க ஓடும்? ... இன்னிக்குத்தான் புரியுது. அது பொழைச்சுதுன்னு சந்தோஷம்தான் மச்சான், இல்லைன்னு சொல்லல. ஆனா உள்ளுக்குள்ள வலிக்குது.

மச்சான்: விடுங்க மாமா. உங்க பாட்டுதானே அதைக் காப்பாத்துச்சு.

மாமா: அதுவும் சரிதான். கொக்குக்கு என்ன தெரியும் பாட்டைப் பத்தி? வீட்ல ஞாயித்துக்கிழமை நான் பாட ஆரம்பிச்சா நீங்கல்லாம் எப்படி உக்காந்து கேக்கறீங்க. உங்க அக்கா தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்குவா. நீ மூலையில அப்படியே உறைஞ்சு போயிடுவ. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது பாதியில எழுந்து போயிருப்பீங்களா? நீயே சொல்லு.

மச்சான்: எப்படி மாமா போறது? நாற்காலிய வாசலுக்குக் குறுக்கால போட்டுக்கிட்டுல்ல நீங்க பாடறீங்க.