சார் பேரில் நட்ட மரம்

டிரைவர், கண்டக்டர், காலி மீன்கூடையோடு ஒரு விழிஞ்ஞத்துக்காரி, எனக்கு முன் சீட்டில் வலியசாலை மாமி ஒருத்தர், அவர் பக்கத்தில் ஒரு காலேஜ் டீச்சர், பிறகு நான். அந்தத் திருவனந்தபுரம் பஸ்ஸில் அவ்வளவு பேர்தான்.

பேச்சில் இருந்து தெரிந்தது இது. மாமியின் கணவர் அந்தக் காலேஜில் தாவரவியல் சாராக இருந்து இறந்தவர். காலேஜின் பசுமை வளாகத்தில் அவர் பேரில் ஒரு மரம் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் சுற்றுச்சூழல் விழாவுக்கு டீச்சர் வந்து மாமியைக் கூட்டிப்போவார்.

மாமி கேட்டார். "போன வருஷம் இலை வட்டமா இருந்துது. அதுக்கு முந்தி நீளமா இருந்துது. மரம் இப்படி மாறுமா டீச்சர்?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"மாறாது மாமி."

"நேக்கும் தெரியும். நாற்பது வருஷம் அவருக்குச் சாதம் போட்டிருக்கேனே."

"ஏப்ரல், மே காலேஜ் அடைச்சிருவாங்க மாமி. தண்ணி விட ஆளில்ல. காஞ்சு போயிரும். ஜூன்ல விழா வருமில்லே, அதே குழியில வேற கன்னு வைப்போம். பேர்ப்பலகை மட்டும் பழசு."

"சொல்லியிருக்கலாமே. நான் சும்மாதானே இருக்கேன், வந்து ஊத்தியிருப்பேன்."

"நீங்க ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க. சொல்ல வாய் வரல மாமி."

மாமி மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கினார்.

"இன்னிக்கு நான் பார்க்கப்போறது எத்தனாவது?"

டீச்சர் விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சாவது."