கப்பலில் கதவைத் திறந்தவன்

— நிமிந்து உக்காரு காளிதாஸ். இங்க இருக்கறது மணியன் நானு, எங்கூட்டுக்காரி அங்கம்மாள், அவ தம்பி தீனதயாளன், எம்மவன் ஈஸ்வரோட ஒரே கப்பல்ல வேலை பார்த்த நீ. நாலே பேரு. மறுக்காச் சொல்லு. கதவ யாரு தொறந்தது?

— நான்தாம்ப்பா.

— இன்னும் என்ன மச்சான் கேள்வி? ஏர்போட்டுல எறங்குனதுமே எங்கிட்ட ஒத்துக்கிட்டான். வாசல்ல நம்ம சனமெல்லாம் நிக்குது. இந்த இரும்பு ராடாலயே மண்டையப் பொளந்து வெளிய வீசிடறேன்.

— ராடக் கீழ போடு, தீனா. எம்பட ஊட்டுல நாஞ்சொல்லாம எவனும் கை ஓங்கறதில்ல. காளிதாஸ், மொதல்லருந்து சொல்லு.

— சோமாலியாவுக்குக் கெழக்கப் போயிட்டிருந்தோம்ப்பா. நல்ல வெயிலு. கடல் கொள்ளைக்காரனுங்க ரெண்டு படகுல வந்து ஏணியப் போட்டு ஏறிட்டானுங்க. ஒம்பது பேரு, எல்லார் கையிலயும் துப்பாக்கி. சைரன் அடிச்சா அடியில இருக்கற இரும்பு ரூமுக்கு ஓடிடணும். அந்தக் கதவு உள்ளருந்துதான் தொறக்கும். நேவிக்காரங்க வர்ற வரைக்கும், வெளிய எவன் செத்தாலும் தொறக்கக் கூடாது. கேப்டன் ஆர்டரு.

— அப்பறம் ஏன்டா தொறந்த, பொட்டப்பயலே?

— பயந்துட்டேண்ணே. தொறந்ததும் ஈஸ்வரைச் சுட்டானுங்க. சமையக்காரர் அங்கமுத்துவையும் சுட்டானுங்க.

— வலது கையக் காட்டு.

— வேணாம்ப்பா.

— துண்ட எடுத்துட்டுக் காட்டுடா. ம்... மூணு வெரலக் காணோம். எப்பப் போச்சு?

— அது... அப்பறமா, புடிச்சு வெச்சிருந்தப்ப.

— ஒருத்தன் வெளிய மாட்டிக்கிட்டான், கதவுக்கு முன்னால வெச்சு அவன் வெரலை வெட்டுனாங்கன்னு கப்பல் கம்பெனிக் கடுதாசியில போட்டிருக்குது. பேரு போடல. வெளிய மாட்டுனவன் நீ. உள்தாழ்ப்பாள நீ எப்படித் தொறந்த?

— விட்டுடுங்கப்பா.

— சொல்லுடா!

— மண்டி போட வெச்சானுங்க. கத்து, கத்துன்னு ஒவ்வொரு வெரலா வெட்டுனானுங்க. ரெண்டு வெரலுக்கும் பல்லக் கடிச்சுட்டேன். மூணாவதுக்கு முடியல, சத்தியமா முடியல. கத்திட்டேன். கதவு தொறந்துடுச்சு. ஈஸ்வர் வெறுங்கையோட ஓடியாறான், "கைய எடு, கைய எடு"ன்னுட்டு. எம்மேலயே விழுந்தான். அவன் ரத்தம் என் வாயெல்லாம்.

— கைய எடுன்னா சொன்னான்?

— ஆமாப்பா. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

— எனக்குப் புரியுது. தறி ஷெட்டுல நான் அவனப் பழக்குனது அது. எவனோட கையாவது தறியில மாட்டிக் கத்துனா, யாரு எவருன்னு பாக்காத, யாரையும் கேக்காத, சுச்ச அணைச்சுட்டு, 'கைய எடு'ன்னு கத்திக்கிட்டே ஓடுன்னு. ஒருக்கா நின்னு யோசிச்சான். செவுள்ளயே அறைஞ்சேன். அதுக்கப்பறம் அவன் யோசிச்சதே இல்ல.

— ரைட்டு மச்சான், இது இந்த ரூமோட போகட்டும். அங்கமுத்து சம்சாரம் வாசல்ல உக்காந்திருக்கா. நம்ம பையன் தொறந்துதான் தாலி போச்சுன்னு தெரிஞ்சா, குடும்பப் பேரு என்னாவறது? இவனே ஏத்துக்கறான். ஏத்துக்கட்டும்.

— ஆமாப்பா. எனக்காகச் செத்தவன் அவன். இந்தப் பழி எங்கிட்டயே இருக்கட்டும். அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

— அங்கம்மா, நீ என்ன நெனைக்கற? பெத்தவ நீ. சொல்லு.

— பொய்யில எம்புள்ளைக்கு என்னங்க பேரு? வெளிய போயிச் சொல்லுங்க.

— அக்கா!

— வழி உடு, தீனா. ஏனுங்க, வந்தவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. அங்கமுத்து சம்சாரம், நீயும் முன்னால வா, அம்மணி. கப்பல்ல கதவத் தொறந்துவுட்டது காளிதாஸ்னு ஊருக்குள்ள பேசறீங்க. அவன் தொறக்கல. தொறந்தது எம்மவன் ஈஸ்வர்.