ஊசித் தலையில் தீ

“...பானை வனையுற வேளாரு காவியைக் குழைச்சு முதுகுல சிங்கம் எழுதுனாரு, அக்கிக் கொப்புளமும் ஆறிடிச்சு. ஆனா இந்த எரிச்சல் மட்டும் போவலையே, அண்ணே! ரவிக்கை பட்டாக்கூட உசுரு போவுது.”

ஜப்பான் சண்டை முடிந்து மலாயாக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த நேரம். அரியலூரில் திருச்சி ரயில் ஏறிய அந்த அம்மாள், பலகையில் முதுகு படாமல் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்தவர் பினாங்கிலிருந்து ஊர் திரும்பியிருந்த செட்டிகுளத்துக்காரர்.

“எனக்கும் அதே அக்கிதாம்மா, அதே எரிச்சல்தான். அங்க ஒரு சீன வைத்தியரு முதுகுல வரிசையா ஊசியைக் குத்தி, ஊசித் தலையில மூலிகைப் பஞ்சை உருட்டி வச்சுக் கொளுத்திட்டாரு.”

பெட்டியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்கள்கூட நின்றுவிட்டன.

“கொளுத்துனாரா!” என்று எழுந்தேவிட்டார் அம்மாளின் புருஷன். “எரியுற உடம்புல கொள்ளி வக்கிறவன் வைத்தியனா, எமனா? நீங்க எந்திரிச்சு ஓடலையா?”

“குத்துன ஊசியோட எங்கங்க ஓடுறது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் அவருடைய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப சட்டை உறுத்தலையாண்ணே?”

“இல்லம்மா. பல தடவை போயி வச்சுக்கிட்டேன். இப்ப மல்லாந்து படுத்துத் தூங்குறேன்.”

“மல்லாந்தா!” என்றாள். பிறகு புருஷனிடம், “பீடிக்கு வச்சிருக்கீங்களே தீப்பெட்டி, அதை எடுத்து அண்ணன்கிட்ட குடுங்க,” என்று சொல்லிவிட்டு, தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி செட்டிகுளத்துக்காரர் கையில் வைத்தாள். முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.