பத்தாவது குப்பி

ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பவன் நான். நீங்கள் மேசையில் வைத்திருந்த ஜாடியைப் பாதி காலி செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதியதே நான்தான்.

லூபஸ் என்பது, வெளியாரை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி வீட்டாரையே போட்டு அடிக்கும் நோய். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும். அது சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டால், உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும். அந்த ஒழுக்கை அடைக்க ஒரு மாத்திரை கண்டுபிடிக்கப் பதினாறு வருடம் மாடாய் உழைத்தேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அது நடக்காமலே போயிற்று.

கடைசிச் சோதனையில் அறுபது பேர். எல்லாருக்கும் வழக்கமான மருந்து உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்கு என் மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது எனக்கும் தெரியாது. புரதம் அளவு மீறி ஒழுகினால் அவரை விலக்கிவிட்டு உடனே கடுமையான சிகிச்சை தர வேண்டும். பத்துப் பேர் விலகினால் சோதனையையே மூடிவிட வேண்டும். விதியை எழுதியவனும் நானே. ஏழாம் மாதத்துக்குள் ஒன்பது பேர் விலகிவிட்டார்கள்.

பத்தாவது ஆள் என் அக்கா மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். மழலையர் பள்ளி ஆசிரியை, சரியான வாயாடி. உறவுக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பதால் படிவத்தில் உறவை எழுதவில்லை. "உன்னை நம்பித்தான்டா விடறேன்" என்றாள் அக்கா. நான் இருக்கும்போது வேறு யாரிடம் விடுவாள்?

மாதா மாதம் சிறுநீர்க் குப்பியை நீட்டும்போது, "இந்தாங்க மாமா, உங்க சம்பளம்" என்பாள் சிட்டு. எட்டாம் மாதம் அப்படிச் சொல்லவில்லை.

"மாமா, நுரை நுரையா போகுது. கால் வீங்கி செருப்பே ஏற மாட்டேங்குது."

"நாள் பூரா நின்னு பாடம் எடுத்தா வீங்கத்தான் செய்யும். நுரைக்கெல்லாம் போய் பயப்படுவாங்களா?"

அவள் போனதும் அந்தக் குப்பியைக் கழிவறையில் கொட்டினேன். வேறொரு குப்பியில் என்னுடையதைப் பிடித்து, அவளுடைய எண்ணை ஒட்டி அனுப்பினேன். முடிவு பிரமாதமாக வந்தது. அக்கா சந்தோஷத்தில் போனிலேயே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. சிட்டுவுக்காகத்தான் செய்தேன். விலக்கினால் என் மாத்திரை அவளுக்குக் கிடைக்காமல் போய்விடுமே. அவள் சாப்பிடுவது என் மாத்திரைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த நோய் கன்னத்தில் கொண்டுவரும் சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது.

இப்படி ஐந்து மாதம். இரத்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். அதில் எண்கள் ஏறியபோது, தண்ணீர் குடிப்பது போதாது என்று குறிப்பு எழுதினேன். "என்னை மாதிரி நல்லா தண்ணி குடி" என்று அவளையும் கண்டித்தேன். வீங்கிய உடம்போடு அவள் அதையும் கேட்டு நடந்தாள்.

சோதனை முடிந்த மறுவாரம், வகுப்பில் பிள்ளைகள் முன்னால் மூச்சுத் திணறி விழுந்தாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா என்னோடு பேசுவதில்லை. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அதே வாரம், யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி மூடியிருந்த ரகசிய உறைகளைப் பிரித்தார்கள். சிட்டுவுக்குப் போனது மாவு மாத்திரை. பதினாறு வருடத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்ததும்தான் உறைத்தது. என் குப்பிகள் ஐந்தும் மாவு மாத்திரையின் வெற்றியாகப் பதிவாகியிருக்கின்றன. அதற்காகத்தான் வந்தேன். அவற்றை அடித்துவிட்டு, சிட்டுவின் உண்மையான நிலையை எழுதுங்கள். என் மாத்திரைக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாது.